மூக்கில் விட்ட நல்லெண்ணெய்

ஜெர்சிக்குத் தும்மல் ஒற்றையாய் வந்ததே கிடையாது. வந்தால் பத்து, பதினைந்து என்றுதான் வரும். தும்மினால் ‘நூறாயுசு’ என்று சொல்வது நம் ஊர் வழக்கம்தானே. கட்டிக்கொண்ட புதிதில் அவள் புருசன் நிர்மல் ஒவ்வொரு தும்மலுக்கும் நூறு, இருநூறு, முந்நூறு என்று ஏற்றிக்கொண்டே போவான். ஒரு தடவை ஆயிரத்து எழுநூறு வரைக்கும் போயிருக்கிறான். “அவ்ளோ வருசம் உன்கூட யாரு குப்ப கொட்றது?” என்பாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டே. அதெல்லாம் சிரிப்பாக இருந்த காலம். இந்த மாசியில் அவன் எண்ணுவதை நிறுத்திவிட்டான்.

இரண்டு பேருக்கும் ஒரகடத்தில் ஒரே கம்பெனியில் வேலை. கார்களுக்கு பம்பர் செய்கிற கம்பெனி. நிர்மல் பேட்டரி வண்டி ஓட்டுகிறவன். பம்பர்களை ஏற்றி இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பான். ஜெர்சி பெயின்ட் பூத்தில், பெயின்ட் பீய்ச்சுகிற கன் பிடிக்கிறவள். அங்கே கன் பிடிக்கிற ஒரே பெண் அவள்தான். சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு கை! வளைவு வந்தால் மணிக்கட்டு வளையும், ஓரம் வந்தால் விரல் தானாகத் தளரும். ஒரு பக்கம் ஆரம்பித்தால் மறுபக்கம் போய்த்தான் மூச்சு விடுவாள். அவள் அடித்த கறுப்பில் முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம் என்று சூப்பர்வைசர் சுப்பராயனே சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் வாயில் நல்ல வார்த்தை வருவது ஆடிக்கொரு தரம், அமாவாசைக்கொரு தரம்.

ஆனால் அவள் இருந்தது மூன்று வருச ஒப்பந்தத்தில். பங்குனியோடு அது முடிகிறது. பூத்துக்கு ஒரே ஓர் ஆளைத்தான் பெர்மனென்ட் ஆக்கப்போகிறார்கள். அதற்கு ஒரு டெஸ்ட். பத்து கறுப்பு பம்பர் அடிக்க வேண்டும், அதில் குறைந்தபட்சம் ஒன்பது குறையில்லாமல் வர வேண்டும். தேறினால் கன் அவள் கையில். தேறாவிட்டால் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டியதுதான். அந்தக் கை அப்புறம் தோசைக்கல்லில் எண்ணெய் தடவவும், துணி மடிக்கவும்தான் ஆகும்.

டெஸ்ட் மாசி கடைசி வெள்ளிக்கிழமை. பார்த்துப் பார்த்து வைத்தார்கள், தும்மல் உச்சத்தில் இருக்கிற வாரமாக!

அவர்கள் குடியிருந்தது பிள்ளைப்பாக்கத்தில், ஏரிக்குப் பக்கத்தில். கரை நெடுகச் சீமைக்கருவேலம். மாசி பிறந்தால் அது மஞ்சள் மஞ்சளாய்ச் சரம் விட்டுப் பூக்கும். அந்தப் பூந்தூள்தான் ஆகவில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த மாத்திரை தும்மலை நிறுத்தியது. கூடவே கண்ணையும் சொருக வைத்தது. கன்னைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினால் கம்பெனி தாலாட்டா பாடும்? திரும்பிப் போய் வேறு மாத்திரை கேட்கலாம் என்றாள் ஜெர்சி. நிர்மல் கேட்கவில்லை. கைவைத்தியத்தில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

நம் ஜனங்களிடம் ஒரு நோயைச் சொல்லிப் பாருங்கள். மண்ணூரில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் பத்து நிமிசம் நின்றான் நிர்மல். ஏழு மருந்தோடு வீட்டுக்கு வந்தான். நொச்சி இலை ஆவி பிடித்தாள். மிளகுப் பால் குடித்தாள். மஞ்சளைச் சுட்டுப் புகையை இழுத்ததில் தும்மல் போய் இருமல் வந்தது. எந்த மரம் ஆகவில்லையோ அந்த மரத்துப் பூவின் தேனைத் தின்றால் உடம்பு அதோடு ராசியாகிவிடும் என்று ஒருத்தர் சொல்ல, ஏரிக்கரைத் தேனைத் தேடிப்போனவன் கன்னத்தில் இரண்டு கொட்டு வாங்கிக்கொண்டு வந்தான். தேனும் கிடைக்கவில்லை. வீங்கிய கன்னத்தோடு அவன் வந்து நின்றதைப் பார்த்து ஜெர்சி சிரித்த சிரிப்பில் தும்மல் பன்னிரண்டு வந்தது.

கடைசியில் வீட்டுக்காரம்மா கங்கம்மாள்தான் வழி சொன்னாள்.

“இன்னாத்துக்குடா அந்தப் பொண்ண இப்பிடிப் போட்டு வதைக்கிற? வைத்தியனுக்குக் குடுக்கறத வாணியனுக்குக் குடுன்னு சும்மாவா சொன்னாங்க? செக்குல ஆட்ன நல்லெண்ணெயக் கைபொறுக்கற சூட்ல, படுக்கறப்ப மூக்குக்கு ரெண்டு சொட்டு வுடு. உள்ள ஒரு பூச்சு பூசிகினா எந்தத் தூளும் ஒட்டாது.”

சனிக்கிழமை இரவு விட்டான். ஞாயிறு காலையில் ஜெர்சி எழுந்து உட்கார்ந்தாள், மூச்சை இழுத்தாள், விட்டாள். தும்மல் இல்லை. ஜன்னலைத் திறந்து ஏரிப் பக்கமாக முகத்தை நீட்டிப் பார்த்தாள். அப்போதும் இல்லை. “ஏய், வந்து பாருப்பா, மூக்கு கீதான்னே தெரியல!” என்று குதித்தாள். நிர்மலுக்குத் தலைகால் புரியவில்லை. கங்கம்மாளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தான்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மேல் மூக்கு லேசாக அரித்தது என்றாள். இரவு விட்டது காலைக்குள் வற்றிவிடுகிறது, அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டான் நிர்மல். கங்கம்மாள் படுக்கும்போது என்றுதான் சொல்லியிருந்தாள். இவனுக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய் விடியலில் ஷிப்டுக்குக் கிளம்புமுன் அவளை அண்ணாந்து உட்காரவைத்து, ரெண்டு சொட்டுக்கு நாலு சொட்டாய் விட்டு, சுண்டுவிரலால் சுற்றிலும் தாராளமாகத் தடவியும் விட்டான்.

இங்கேதான் ஒன்று சொல்ல வேண்டும். பெயின்ட் பூத்தில் எண்ணெய் என்றால் விஷம். துளி எண்ணெய் பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் விலகும். குண்டூசித் தலை அளவுக்குக் குழிகுழியாய் விழும். அதனால் பூத்துக்குள் போகிறவர்கள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது, முகத்துக்கு கிரீம் கூடாது, சென்ட் கூடாது. ஜெர்சி மூன்று வருசமாக வேலை நாளில் தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்தவள் இல்லை. தலை காய்ந்து பரட்டையாய் நிற்கும், அப்படியே போவாள். அவ்வளவு கண்டிப்பான பொம்பளை, மூக்கில் நாலு சொட்டு நல்லெண்ணெயோடு உள்ளே போனாள். அவளுக்கும் தோன்றவில்லை, அவனுக்கும் தோன்றவில்லை. ஏனென்றால் அது அவர்களுக்கு மருந்து. மருந்தை யார் எண்ணெய் என்று நினைப்பார்கள்?

எட்டு மணிக்குள் நாற்பது பம்பர் குழி விழுந்து வெளியே வந்தது.

லைன் நின்றது. சுப்பராயன் ஓடிவந்தார். காற்று வருகிற குழாயைப் பார்த்தார்கள், வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தார்கள், தின்னர் டப்பாவை மாற்றினார்கள். பக்கத்து பூத்தில் அதே காற்று, அதே தின்னர், அதே கறுப்பு; அங்கே ஒரு குறையும் இல்லை. அப்படியானால் இந்த பூத்தில் இருக்கிற இரண்டு ஆட்களில் ஒருத்தர். ஒருத்தி ஜெர்சி. இன்னொருத்தர் வேல்ராஜ். பெயின்ட் அடிக்குமுன் பம்பரைத் துடைத்து மாட்டுகிறவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள், நாற்பது வயதுக்கு மேல், ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். ஜெர்சியை யார் சந்தேகப்படுவார்கள்? சுப்பராயன் நேராகப் போய் வேல்ராஜின் தொப்பியைப் பிடுங்கி அவர் தலையை மோந்து பார்த்தார்.

“சார், வேல நாள்ல தலையில எண்ணெ தொட்டே ரெண்டு வருசம் ஆச்சு சார். ஞாயித்துக்கெழம மட்டுந்தான் வைப்பேன். எங்க அம்ம மேல சத்தியம்!”

“பின்ன ஏன்யா நெத்தி இப்டி மின்னுது?”

“வேர்வ சார் அது!”

“கத வுடாத. வெளிய போய் உக்காரு. உன் ஒப்பந்தக்காரன் வருவான், சாயங்காலம் கூட்டிகினு போயிடுவான்.”

குழி விழுந்த பம்பர்களை நிர்மல்தான் வண்டியில் ஏற்றினான். ஏற்றும்போதே அவன் கண் ஒரு குழியில் நின்றது. பிறகு தன் சுண்டுவிரலை மூக்கருகில் கொண்டுபோனான். எள்ளு வாசனை. விரலை அவசரமாகப் பேன்ட்டில் துடைத்தான்.

பதினொரு மணிக்கு கேன்டீனில் எதிரே வந்து உட்கார்ந்தாள் ஜெர்சி. தட்டில் சோறு போட்டபடியே இருந்தது.

“எண்ணெய்தாம்ப்பா அது” என்றாள்.

“மருந்து ஜெர்சி அது.”

“எண்ணெய். மாஸ்க் வழுக்கி வழுக்கி எறங்கிச்சு. நான் ஏத்தி ஏத்தி வுட்டுகினே இருந்தேன். அதே கிளவுஸோட பம்பரத் தடவிப் பாத்தேன். எப்பவும் தடவுவேனே, தூசி கீதான்னு. எவனும் பண்ண மாட்டான் அத. நான்தான் பண்ணுவேன்.” அவள் கண் கலங்கியது. “வேல்ராஜ் அண்ணன் சுத்தமாத்தான் துடைச்சிக் குடுத்துச்சு. நான்தான் பூசியிருக்கேன்.”

நிர்மல் சுற்றுமுற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். “வாயத் தொறக்காத. நாளைலர்ந்து வுட வேணாம், தானா சரியாப் பூடும். ராவுக்கு மட்டும் ஒரு சொட்டு வுட்டுக்கலாம், காலைல கழுவிட்டுப் போ. வெள்ளிக்கிழம டெஸ்ட். இப்ப போயி சொன்னா உன்ன டெஸ்டுக்கே வுட மாட்டாங்க.”

“அந்த அண்ணன்?”

“அவருக்கு வேற எங்கியாவது கெடைக்கும். இங்க இல்லாத கம்பெனியா?”

ஜெர்சி அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் என்ன செய்தாள் தெரியுமா? நேராகப் போய், “நான்தான் சார்” என்று அழுதிருக்கலாம். அப்படிச் சொன்னால், பாவப்பட்டு வேல்ராஜுக்காகப் பழியை ஏற்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். பாதிச் சந்தேகம் அந்த மனிதர் தலையிலேயே நிற்கும். அதனால் கழித்துப் போட்ட ஒரு பம்பரைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, பழகுவதற்கென்று இருக்கிற சின்ன பூத்தில் மாட்டினாள். நடுவில் நீளமாக ஒரு டேப் ஒட்டினாள். சுப்பராயனைக் கூப்பிட்டாள். வெளியே உட்கார்ந்திருந்த வேல்ராஜையும் கூப்பிட்டாள். கழிவு பம்பர் ஏற்ற வந்த நிர்மல் வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்றான்.

“அண்ணே, நீங்க எப்பவும் துடைக்கிற மாதிரியே ரெண்டு பக்கமும் துடைங்க.”

வேல்ராஜ் துடைத்தார். ஜெர்சி புதுக் கிளவுஸ் மாட்டினாள். இடப்பக்கத்தை அப்படியே விட்டாள். மாஸ்க்கைக் கொஞ்சம் இறக்கி, விரலால் மூக்கை ஒரு தடவு தடவி, வலப்பக்கத்தைத் தொட்டாள். டேப்பை உரித்துவிட்டு கன்னை எடுத்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே வீச்சு.

காத்திருக்கவே வேண்டாம். இடப்பக்கம் கறுப்பு தண்ணீராய் மின்னியது. வலப்பக்கம் அவர்கள் கண்ணெதிரேயே குழி குழியாய்த் திறந்தது.

சுப்பராயன் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். “இன்னா இது?”

“என் மூக்கு சார். தும்மலுக்கு நல்லெண்ணெய் வுட்டுகினு வந்தேன். அண்ணன் மேல ஒரு தப்பும் இல்ல.”

எண்ணெய் ஊற்றியவன் நான் என்று ஒரு வார்த்தை சொல்ல நிர்மலுக்கு நா எழவில்லை. கண்ணாடிக்கு வெளியே மரம் மாதிரி நின்றான். உள்ளே சின்ன உருவமாய், பரட்டைத் தலையோடு நின்றுகொண்டிருந்தவளைப் பார்க்கப் பார்க்க, தனக்கு வாய்த்தவள் இவ்வளவு பெரிய ஆளா என்று அவனுக்குத் தோன்றியது.

சுப்பராயன் ஐந்து நிமிசம் கத்தினார். அவர் கத்தியது கம்பெனி வாசல்வரை கேட்டது. பிறகு வேல்ராஜ் பக்கம் திரும்பி, தொப்பியை அவர் கையில் கொடுத்து, “மன்சுல வெச்சிக்காதய்யா” என்றார். ஜெர்சியிடம் சொன்னார்: “நாப்பது பம்பரு. எல்லாத்தையும் நீதான் தேய்க்கிற. ஓவர்டைம் காசெல்லாம் கெடையாது. டெஸ்டுக்கு வா. ஆனா மூக்குல ஒரு சொட்டு எண்ணெ இருந்திச்சு, அன்னிக்கே வூட்டுக்குப் போ.”

நாற்பதையும் தேய்த்தாள். நிர்மலும் ஷிப்ட் முடிந்து கூட உட்கார்ந்து தேய்த்தான். வேல்ராஜும் யாரும் கூப்பிடாமல் ஒரு உப்புத்தாளை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

மூன்று நாள்தான் இருந்தது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் மூக்கைக் கழுவினாள். பாதி தும்மல் குறைந்தது. மீதிப் பாதியை என்ன செய்வது? அங்கேதான் நிர்மல் அசந்துபோனான். தும்மலை நிறுத்துவதை விட்டுவிட்டு, அதை உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தாள் அவள். “மொதல்ல மேல்வாயில ஒரு அரிப்பு வருதுப்பா. அதுக்கப்புறம் நாலு எண்ற நேரம் கீது” என்றாள். அந்த நாலுக்குள் விரலைத் தளர்த்த வேண்டும், இரண்டு அடி பின்னால் போக வேண்டும், திரும்ப வேண்டும். சமையலறையில் கரண்டியைக் கன்னாகப் பிடித்துக்கொண்டு, வருகிற ஒவ்வொரு தும்மலுக்கும் பழகினாள். சாம்பார் இரண்டு நாள் அடிப்பிடித்தது. அவன் வாயைத் திறக்காமல் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை. வேல்ராஜ் துடைத்துக் கொடுக்க, ஜெர்சி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறுவரை மூச்சுக்கூடக் கேட்கவில்லை. ஏழாவதில் பாதி ஓடிய கை சட்டென்று நின்றதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தான் நிர்மல். கன் தாழ்ந்தது. இரண்டு அடி பின்னால் போனாள். திரும்பி, மடித்த முழங்கைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு தும்மினாள். ஒன்பது தும்மல். அவன் எண்ணினான். மாஸ்க்கையும் கிளவுஸையும் மாற்றிக்கொண்டு வந்து, விட்ட இடத்துக்கு இரண்டு விரல் முன்னால் தொட்டு, மறுகோடிவரை கொண்டுபோய் முடித்தாள். அப்புறம் எட்டு, ஒன்பது, பத்து.

பெயின்ட் காயவைக்கிற சூளையிலிருந்து பத்தும் வெளியே வந்ததும், ஏழாவதில் அவளே ‘கழிவு’ என்கிற சிவப்பு அட்டையை மாட்டினாள்.

சுப்பராயன் ஒன்பதைப் பார்த்து முடித்தார். ஒன்றிலும் குறையில்லை. பிறகு சிவப்பு அட்டை மாட்டிய ஏழாவதிடம் வந்தார். விளக்கை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லியேம்மா.”

“இங்க சார்.” விரல் படாமல் காட்டினாள். “தலமுடி மாதிரி ஒரு கோடு. ரெண்டு பூச்சு சேந்த எடம்.”

ரொம்ப நேரம் கழித்துத்தான் அவருக்கு அது தெரிந்தது. “வாங்கறவன் கண்ணுக்குத் தெரியாது இது.”

“எனக்குத் தெரியுது சார்.”

அவர் பேனாவை எடுத்து, பத்துக்கு ஒன்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஜெர்சியை பெர்மனென்ட் ஆக்கிய உத்தரவு பங்குனியில் வந்தது. அன்றைக்குக் கேன்டீனில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தான் நிர்மல். வேல்ராஜ் முன்னால் வந்தபோது மட்டும் கை நீளவில்லை. இத்தனை நாளும் அந்த மனிதரின் முகத்தை நேராகப் பார்க்காமல் வண்டியை ஓட்டிக்கொண்டு திரிந்தவன். இனிமேலும் மென்று முழுங்க முடியாது என்று தோன்றியது.

“அண்ணே, அந்த எண்ணெய அவ மூக்குல வுட்டது நான்தான். அதுகூடப் பரவால்ல. அன்னிக்கு அவள வாயத் தொறக்காதன்னு சொன்னதும் நான்தான்.”

வேல்ராஜ் தட்டிலிருந்து ஒரு லட்டைத் தானே எடுத்துக்கொண்டார்.

“நீரு சொல்லியிருப்பீருன்னு தெரியும் தம்பி. நானா இருந்தா என் பொஞ்சாதிகிட்ட நானும் அதத்தான் சொல்லியிருப்பேன்.” லட்டைப் பாதியாக உடைத்து நிர்மல் வாயில் வைத்தார். “நாம சொல்லுததக் கேக்காத பொஞ்சாதி அமையறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும்லா.”